உங்கள் பங்குகளின் ரிஸ்க்கையும் ஆப்ஷன் விலையையும் நீங்களே கணக்கிட: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பங்கிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் போட்டு வருகிறீர்கள், கொஞ்சம் பைதான் தெரியும், புரோக்கர் ஆப் காட்டும் ‘ரிஸ்க் ஸ்கோர்’ எப்படி வந்தது என்று புரியவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில், குறித்த காலத்தில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை. பிளஸ் டூ கணிதத்தில் படித்த திட்டவிலக்கமும் நிகழ்தகவும் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் சூத்திரங்கள் பத்து வரிதான். தவறு நடப்பது பெரும்பாலும் அங்கே இல்லை. விலையை எந்தச் சாவியில் சேமிக்கிறோம், தேதியை எப்படிப் பொருத்துகிறோம், காலியான இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான். ஆகவே முதல் ஆறு படிகளை அவசரப்படாமல் செய்யுங்கள். அங்கே பிசகினால் கடைசியில் வரும் எண் பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

1. ஆவணங்களைத் திரட்டுங்கள்

தேவையானவை நான்கு.

டெபாசிட்டரி (உங்கள் டீமேட் பங்குகளைக் காத்து வைக்கும் அமைப்பு) அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. அந்த மாதம் பரிவர்த்தனை நடந்திருந்தால் அடுத்த மாதம் மின்னஞ்சலில் வரும். பி.டி.எஃப்.பின் கடவுச்சொல் உங்கள் பான் எண், பெரிய எழுத்தில். கையிருப்பில் எத்தனை பங்கு என்பதற்கு இதுவே இறுதிச் சான்று.

மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு, அவற்றின் பதிவாளர்களான கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டும் சேர்ந்து தரும் விரிவான அறிக்கை. கேம்ஸ் தளத்தில் கேட்டால் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். இதற்கான கடவுச்சொல்லை நீங்களே கொடுக்க வேண்டும். ‘சுருக்கம்’ என்பதை எடுக்காதீர்கள். ‘விரிவான’ அறிக்கையில்தான் ஒவ்வொரு எஸ்.ஐ.பி. தவணையும் தேதியோடு இருக்கும். எல்லா ஃபோலியோவுக்கும் ஒரே மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய அலுவலக மின்னஞ்சலில் ஒரு ஃபோலியோ தங்கியிருந்தால் அது இந்த அறிக்கையில் விடுபட்டுப் போகலாம்.

புரோக்கரின் டிரேட்புக் (நீங்கள் வாங்கி விற்றதன் பதிவு), சி.எஸ்.வி. வடிவில். பல புரோக்கர்கள் இதை நிதியாண்டு வாரியாகத்தான் தருவார்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒவ்வோர் ஆண்டாக இறக்கி வையுங்கள்.

நான்காவது விலைத் தரவு. பங்குகளுக்கும் ஆப்ஷன்களுக்கும் தேசியப் பங்குச் சந்தையின் பவ்காப்பி (அன்றைய விலைகள் அடங்கிய தினசரிக் கோப்பு), ஃபண்டுகளுக்கு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி வெளியிடும் தினசரி என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் மதிப்பு) கோப்பு. இரண்டும் இலவசம்.

இவற்றைத் தரவிறக்கிய கோப்புறையை ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிவிடுங்கள். சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்துவிடுவது மிகப் பொதுவான விபத்து. 03-04-2024 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பதை எக்செல் தன் அமைப்பைப் பார்த்துத் தானே முடிவு செய்துவிடும். ஒரு மாதத்தில் பாதித் தேதிகள் மாறிப்போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் நகல் எடுத்துப் பாருங்கள்.

2. செலவும் நேரமும்

கணினிக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். எட்டு ஜிபி நினைவகம் உள்ள எந்த லேப்டாப்பும் போதும். ரிச்சி தெருவுக்குப் போய் கிராஃபிக்ஸ் கார்டு விசாரிக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கணக்கைப் பாருங்கள்: 30 பங்குகள், பத்து ஆண்டுகள், ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள். மொத்தம் 75,000 விலைகள். ஒரு விலைக்கு 8 பைட் என்றால் 6 லட்சம் பைட். கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுகூட இதைத் தாண்டும். பைதானும், அதன் எண் கணக்கு நூலகமான நம்பையும் இலவசம். புள்ளியியல் அடிப்படை மறந்துபோயிருந்தால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வு எழுதினால் மட்டும் பணம் கட்ட வேண்டும். புத்தகங்களை வாங்குவதற்கு முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்துவிடுங்கள். நிதிக் கணிதப் புத்தகங்கள் விலை அதிகம். எல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது.

செலவாவது நேரம்தான். நிரல் எழுத இரண்டு வார இறுதிகள் போதும். தரவைச் சுத்தம் செய்ய, வேலைக்குப் போய்க்கொண்டே செய்வதானால், ஒன்றரை மாதமாவது ஒதுக்குங்கள்.

தினசரி ஓட்டத்தை எப்போது வைப்பது என்பதும் முக்கியம். சந்தை மாலை 3.30-க்கு முடிகிறது. பவ்காப்பி அதற்குப் பின் மாலையில் வரும். என்.ஏ.வி. இரவில்தான் வரும். வெளிநாட்டில் முதலீடு செய்யும் ஃபண்டுகளுக்கு மறுநாள் காலை ஆகிவிடும். மாலை ஆறு மணிக்கே ஓட்டினால் பங்குக்கு இன்றைய விலையும் ஃபண்டுக்கு நேற்றைய விலையும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிறகு ஒருமுறை ஓட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரமோ இணையமோ போய் ஒரு நாள் தவறினால், அடுத்த ஓட்டம் விடுபட்ட நாளையும் தானே தேடி எடுக்கும்படி எழுதிவையுங்கள்.

3. சாவியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பங்கின் குறியீட்டைச் சாவியாக வைத்து ஒரு ஹேஷ் டேபிள், பைதானில் டிக்‌ஷனரி, போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் குறியீடு மாறும். இன்ஃபோசிஸ் 2011-இல் தன் குறியீட்டை மாற்றியது. பழைய குறியீட்டில் தேடினால் தரவு அங்கேயே நின்றுவிடும்.

சரி, ஐ.எஸ்.ஐ.என். எண்ணை (பங்குக்குத் தரப்படும் பன்னாட்டு அடையாள எண்) வைக்கலாமே என்றால் அதுவும் நிலையானதில்லை. நம் நாட்டில் பங்கின் முகமதிப்பு மாறினால் ஐ.எஸ்.ஐ.என். மாறும். 2019-இல் எச்.டி.எஃப்.சி. வங்கி இரண்டு ரூபாய் முகமதிப்பை ஒரு ரூபாயாகப் பிரித்தபோது அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 026-இலிருந்து 034 ஆனது. போனஸ் கொடுத்தால் மாறாது, ஸ்பிளிட் செய்தால் மாறும்.

ஆகவே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நீங்களே ஓர் உள் எண் கொடுங்கள்: 1, 2, 3 என்று. பிறகு ஒரு மாற்று அட்டவணை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஐ.எஸ்.ஐ.என்.னுக்கும் எதிரே, ‘எந்தத் தேதியிலிருந்து, எந்த உள் எண்’ என்ற இணைகளைத் தேதி வரிசையில் அடுக்கிய ஒரு பட்டியல். தேடும்போது முதலில் ஹேஷ் டேபிளில் குறியீட்டைப் பிடித்து, அதன் பட்டியலில் பைனரி தேடல் செய்து, கேட்ட தேதிக்குச் சமமான அல்லது அதற்கு முந்தைய கடைசிப் பதிவை எடுக்க வேண்டும். ‘முந்தைய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நூலகங்களில் உள்ள பைனரி தேடல் பெரும்பாலும் ‘செருக வேண்டிய இட’த்தைத் திருப்பித் தரும். அதிலிருந்து ஒன்றைக் கழிக்க மறந்தால் நாளைய விவரம் இன்றைய கணக்கில் புகுந்துவிடும்.

இன்னும் இரண்டு சின்ன கண்ணிகள். ஒரே குறியீடு வெவ்வேறு தொடர்களில் வரலாம். சாதாரணப் பங்குக்கான இ.க்யூ. தொடரையும், அந்தப் பங்கு கண்காணிப்புக்குப் போனால் வரும் பி.இ. தொடரையும் மட்டும் எடுங்கள். கடன் பத்திரங்கள் தானாக விலகும். அடுத்து, பவ்காப்பியின் வடிவமே 2024 ஜூலை 8 முதல் மாறிவிட்டது. தலைப்புகளும் வரிசையும் வேறு. பழைய கோப்புகளுக்கு ஒரு வாசிப்பான், புதியதற்கு ஒன்று என்று இரண்டு எழுதுங்கள். ஒன்றையே வளைத்து இரண்டுக்கும் பயன்படுத்தினால் என்றாவது ஒரு நாள் ‘கடைசி விலை’ நெடுவரிசையில் ‘முடிவு விலை’ போய் உட்காரும். இரண்டும் ஒன்றல்ல. கடைசி விலை என்பது கடைசியாக நடந்த ஒரே ஒரு வர்த்தகம். முடிவு விலை என்பது, இதுவரை சேர்ந்திருக்கும் தரவில், 3 மணி முதல் 3.30 வரை நடந்த வர்த்தகங்களின் அளவு எடையிட்ட சராசரி. நமக்கு வேண்டியது முடிவு விலை.

4. நாட்காட்டியைச் சந்தையிடமிருந்தே எடுங்கள்

தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை வைத்து நாட்காட்டி செய்யாதீர்கள். சந்தை மும்பையைப் பார்த்து நடக்கிறது. நாம் பொங்கல் வைக்கும் நாளில் அங்கே பொதுவாக வர்த்தகம் உண்டு. சனிக்கிழமை என்றால் விடுமுறை என்றும் நம்ப முடியாது. 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை, பட்ஜெட் நாள், சந்தை திறந்திருந்தது. தீபாவளி முகூர்த்த வர்த்தகமும் இப்படித்தான்.

எளிய வழி: பவ்காப்பி வந்த நாள் எல்லாம் வர்த்தக நாள். அந்தத் தேதிகளை ஏறுவரிசையில் ஓர் அரேயில் அடுக்குங்கள். அதுவே உங்கள் நாட்காட்டி. முகூர்த்த நாளைத் தனிக் குறியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வர்த்தகத்தை முழு நாளாக எண்ணலாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். என் பரிந்துரை, அதை அடுத்த முழு நாளோடு சேர்த்துவிடுவது.

5. விலையை முழு எண்ணாகச் சேமியுங்கள்

கணினியில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணத்தைத் தசமத்தில் வைத்தால் ஆயிரம் வர்த்தகங்களுக்குப் பிறகு புரோக்கர் அறிக்கையோடு சில பைசா இடிக்கும். அந்தச் சில பைசா நிஜப் பிழையா, மிதவைப் புள்ளியின் சேட்டையா என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எனவே விலையைப் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள்.

அந்த முழு எண் 64 பிட்டாக இருக்கட்டும். 32 பிட் எண்ணின் உச்சம் சுமார் 214 கோடி. பைசாவில் அது 2.14 கோடி ரூபாய்தான். நம்ம ஊர் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்று 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட பங்கு இருநூற்றுச் சொச்சம் இருந்தாலே 32 பிட் நிரம்பி எண் எதிர்மறையாகப் புரண்டுவிடும்.

ஃபண்டுக்குப் பைசா போதாது. என்.ஏ.வி. நான்கு தசம இடம், யூனிட் மூன்று தசம இடம். எனவே என்.ஏ.வி.யைப் பத்தாயிரத்தாலும் யூனிட்டை ஆயிரத்தாலும் பெருக்கிச் சேமியுங்கள்.

கணக்கு தொடங்கும் இடத்தில், அதாவது விலையைச் சதவீத மாற்றமாக மாற்றும் இடத்தில், 64 பிட் மிதவை எண்ணுக்கு மாறிக்கொள்ளுங்கள். அங்கே அது சரியான தேர்வு. வரிசையெல்லாம் தேதி, நெடுவரிசையெல்லாம் பங்கு என்று ஓர் இருபரிமாண அரே போதும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக்‌ஷனரி என்று பட்டியல் போட்டால் நினைவகமும் வேகமும் பல மடங்கு வீண்.

விலை இல்லாத கட்டத்தில் பூஜ்யம் போடக் கூடாது. பூஜ்யம் போட்டால் அன்று 100 சதவீத நஷ்டம், மறுநாள் பூஜ்யத்தால் வகுத்தல். ‘எண் இல்லை’ என்ற சிறப்பு மதிப்பைப் போடுங்கள். முந்தைய நாள் விலையை அப்படியே நகர்த்தி நிரப்புவதும் ஆபத்து. அன்றைய மாற்றம் பூஜ்யமாகி, பங்கு உண்மையைவிடச் சாதுவாகத் தெரியும்.

6. போனஸ், ஸ்பிளிட், பிரிப்பு

பழைய விலைகளைத் திருத்தி எழுதாதீர்கள். மூல விலை அப்படியே இருக்கட்டும். நிகழ்வுகளுக்கு ஒரு தனிப் பட்டியல்: உள் எண், எக்ஸ் தேதி (நிகழ்வு விலையில் பிரதிபலிக்கும் நாள்), காரணி (அதற்கு முந்தைய விலைகளைப் பெருக்க வேண்டிய எண்). படிக்கும்போது மட்டும் காரணியைப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு நிகழ்வைத் தவறாக உள்ளிட்டால் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

காரணியைக் கணக்கிடுவதில் விகிதத்தை ஒழுங்காகப் படியுங்கள். 1:1 போனஸ் என்றால் காரணி 1/2. 1:2 போனஸ் என்றால் இரண்டு பங்குக்கு ஒன்று கூடுதல், ஆக மூன்று. காரணி 2/3. முகமதிப்பு 10-இலிருந்து 2 ஆனால் காரணி 1/5. அமெரிக்கத் தளங்கள் ‘2க்கு 1’ என்று எழுதுவதன் பொருள் வேறு. அங்கிருந்து எடுத்து ஒட்டாதீர்கள்.

ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்று தனியாகும் பிரிப்புகளுக்கு விகிதத்தை வைத்துக் காரணி வராது, விலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்சியல் பிரிந்தது. முந்தைய நாள் முடிவு 2,841.85 ரூபாய். சந்தை திறக்கும் முன் விலை காண நடந்த சிறப்பு முன்திறப்பு அமர்வில் ரிலையன்ஸ் 2,580-இல் நின்றது. வித்தியாசமான 261.85 ரூபாய்தான் ஜியோவின் விலை. காரணி 2,580 / 2,841.85. இதைப் போடாமல் விட்டால் உங்கள் ரிலையன்ஸ் ஒரே நாளில் 9.2 சதவீதம் விழுந்ததாகப் பதிவாகும். அந்த ஒரு பொய்யான நாள் அடுத்த 500 நாட்களுக்கு உங்கள் ரிஸ்க் கணக்கைக் கெடுக்கும்.

கையிருப்பு எண்ணிக்கையிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். எக்ஸ் தேதியில் விலை பாதியாகிவிடும், போனஸ் பங்கு டீமேட்டில் ஏற மேலும் சில நாள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் டீமேட் எண்ணிக்கையை நம்பினால் சொத்தில் பாதி காணாமல் போனதாகத் தெரியும். எண்ணிக்கையை டிரேட்புக்கிலிருந்தும் நிகழ்வுப் பட்டியலிலிருந்தும் நீங்களே கட்டுங்கள். டெபாசிட்டரி அறிக்கையை மாதம் ஒருமுறை சரிபார்க்க மட்டும் வையுங்கள்.

இந்தப் படி முடிந்ததும் ஒரு சோதனை: ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் மாறிய எல்லா நாட்களையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் காரணம் கண்டுபிடியுங்கள். காரணம் தெரியாத ஒரு நாள் மிஞ்சினாலும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

7. தினசரி மாற்றமும் ஏற்ற இறக்கமும்

பல பங்குகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்குச் சாதாரணச் சதவீத மாற்றம். ஒரே பங்கை நாட்கணக்கில் சேர்த்துப் பார்க்க லாக் மாற்றம். இரண்டையும் கலக்காதீர்கள். சின்ன மாற்றங்களில் வித்தியாசம் தெரியாது. ஆனால் 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி சுமார் 13 சதவீதம் விழுந்தது. லாக் கணக்கில் அது 13.9 சதவீதம்.

ஏற்ற இறக்கம் என்பது இந்த மாற்றங்களின் திட்டவிலக்கம். அதை ‘வர்க்கங்களின் சராசரி கழித்தல் சராசரியின் வர்க்கம்’ என்ற பள்ளிக்கூடச் சூத்திரத்தில் எழுதாதீர்கள். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது துல்லியம் கரைந்து, சில சமயம் விடை எதிர்மறையாகவே வரும். வெல்ஃபோர்ட் முறையோ (ஒவ்வோர் எண்ணாகச் சேர்த்துக்கொண்டே கணக்கிடும் முறை) நூலகச் செயல்பாடோ போதும்.

நகரும் சாளரத்துக்கு இருமுனை வரிசை ஒன்று வைத்து, புதியதைப் பின்னால் சேர்த்துப் பழையதை முன்னால் நீக்கலாம். அதைவிட நான் விரும்புவது அடுக்குக்குறி எடையிட்ட முறை: நேற்றைய வேரியன்ஸில் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) 0.94 பங்கு, இன்றைய மாற்றத்தின் வர்க்கத்தில் 0.06 பங்கு. ஒரு பங்குக்கு ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். ஒரு பெரிய வீழ்ச்சியின் எடை சுமார் 11 நாளில் பாதியாகும்.

ஆண்டுக்கு மாற்ற 250-இன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். தினசரி 1.2 சதவீதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 19 சதவீதம். 365-இன் வர்க்கமூலத்தைப் போடுவது பரவலான தவறு.

8. வி.ஏ.ஆர்.: ஒரு மோசமான நாளில் எவ்வளவு போகும்?

99 சதவீத வி.ஏ.ஆர். (வேல்யூ அட் ரிஸ்க்) என்றால், நூறு நாளில் ஒரு நாள் இந்தத் தொகைக்கு மேல் நஷ்டம் வரலாம் என்று பொருள். அதிகபட்ச நஷ்டம் இவ்வளவுதான் என்று பொருள் அல்ல. இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் வீண்.

கையால் ஒரு கணக்கு. உங்களிடம் 10 லட்சம். அதில் 6 லட்சம் முதல் பங்கில், தினசரித் திட்டவிலக்கம் 1.5 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். 4 லட்சம் இரண்டாவதில், 2 சதவீதம், 8,000 ரூபாய். இரண்டுக்கும் ஒட்டுறவு (எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு) 0.3. வர்க்கங்கள் 8.1 கோடியும் 6.4 கோடியும். குறுக்கு உறுப்பு 2 × 0.3 × 9,000 × 8,000 = 4.32 கோடி. கூட்டினால் 18.82 கோடி. வர்க்கமூலம் சுமார் 13,719 ரூபாய். இயல்நிலைப் பரவலில் 99 சதவீதத்துக்கான எண்ணான 2.326 ஆல் பெருக்கினால் வி.ஏ.ஆர். சுமார் 31,910 ரூபாய்.

இப்போது ஒட்டுறவை 0.9 ஆக்குங்கள். வி.ஏ.ஆர். சுமார் 38,540 ஆகும். சந்தை மொத்தமாகச் சரியும் நாட்களில் எல்லாப் பங்குகளும் ஒரே திசையில் ஓடுவதால் ஒட்டுறவு ஏறும். பிரித்துப் போட்டதன் பலன் மிகவும் தேவைப்படும் நாளில்தான் குறையும். எனவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பல பங்குகளுக்கு இதுவே கோவேரியன்ஸ் அணி (ஒவ்வொரு ஜோடியும் சேர்ந்து நகரும் அளவுகளின் அட்டவணை) ஆகிறது. 50 பங்குகளுக்கு 1,275 தனித்தனி எண்கள். இதைச் செய்யும்போது சோலெஸ்கி பகுப்பு (அணியை முக்கோண அணிகளாகப் பிரிக்கும் முறை) ‘அணி நேர்மறையானதல்ல’ என்று பிழை காட்டினால் காரணம் இரண்டில் ஒன்று. நாட்களைவிடப் பங்குகள் அதிகம், உதாரணமாக 60 பங்குக்கு 50 நாள் தரவு. அல்லது ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு நாட்களை எடுத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது வெகு சகஜம். எல்லாப் பங்குக்கும் விலை உள்ள நாட்களை மட்டும் எடுத்தால் தீரும்.

இயல்நிலைப் பரவலை நம்பாத இன்னொரு வழி வரலாற்று முறை. கடந்த 500 நாட்களின் மாற்றங்களை எடுத்து, இன்றைய கையிருப்பின் மேல் ஒவ்வொன்றாக ஓட்டி, 500 லாப நஷ்டங்களை வரிசைப்படுத்துங்கள். ஐந்தாவது மோசமான நாள்தான் ஏறத்தாழ உங்கள் 99 சதவீத வி.ஏ.ஆர். அந்த ஐந்தின் சராசரியையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டினால் எவ்வளவு தூரம் தாண்டும் என்பதை அது சொல்லும், எனக்கு வி.ஏ.ஆரைவிட அதன் மேல்தான் நம்பிக்கை. 500 எண்ணுக்கு ஹீப் (மிகச் சிறியதை உடனே எடுத்துத் தரும் தரவு அமைப்பு) எல்லாம் வேண்டாம், சாதாரண வரிசைப்படுத்தலே கண் இமைப்பதற்குள் முடியும். லட்சக்கணக்கில் உருவகப்படுத்தல்கள் ஓட்டும்போது மட்டும், மோசமான ஆயிரத்தை மட்டும் பிடித்து வைக்க ஒரு ஹீப் பயன்படும்.

‘இன்றைய கையிருப்பின் மேல்’ என்று சொன்னது வேண்டுமென்றேதான். உங்கள் மொத்தச் சொத்து மதிப்பின் வரலாற்றை எடுத்து மாற்றம் கண்டுபிடித்தால், எஸ்.ஐ.பி. பிடித்த நாளெல்லாம் லாப நாளாகிவிடும்.

கடந்த 500 நாட்களுக்குள் 2020 மார்ச் கிடையாது. அந்த 13 சதவீத நாளையும், 2024 ஜூன் 4 தேர்தல் முடிவு நாளின் 5.9 சதவீத வீழ்ச்சியையும் தனியாக எடுத்து உங்கள் கையிருப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள்.

9. ஆப்ஷன் விலை: மரம் என்ற பெயரைப் பார்த்து மரம் கட்டாதீர்கள்

ஆப்ஷன் விலையைக் காண, பங்கின் விலை ஒவ்வொரு படியிலும் ஏறலாம் அல்லது இறங்கலாம் என்று கிளைத்துக் காட்டுவது பைனாமியல் மரம். அந்தப் பெயரைக் கேட்டதும் கணினி படித்தவர்கள் முனை, இடக்கிளை, வலக்கிளை என்று எழுதத் தொடங்குவார்கள். 100 படிகளுக்கு அப்படி ஒவ்வொரு பாதையையும் தனியாகக் கிளைத்தால் கடைசி வரிசையில் மட்டும் 2-இன் 100-ஆம் அடுக்கு முனைகள். எந்தக் கணினியாலும் முடியாது. ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் விலை ஒன்றே என்பதால் கிளைகள் மீண்டும் சேர்கின்றன, ஆக மொத்தம் 5,151 முனைகளே. அவற்றையும் சேமிக்க வேண்டாம். 101 இடமுள்ள ஒரே அரே போதும்.

சின்னதாகச் செய்து பார்ப்போம். பங்கு 1,000, ஸ்ட்ரைக் (ஒப்பந்தத்தில் குறித்த விலை) 1,000, இரண்டு படி. ஏறினால் 1.1 மடங்கு, இறங்கினால் 1/1.1 மடங்கு, படிக்கு வட்டி 1 சதவீதம். நடுநிலை நிகழ்தகவு (ஏற்றத்துக்குக் கணக்கில் தரும் எடை) = (1.01 − 0.9091) / (1.1 − 0.9091) = 0.5286. முடிவில் விலைகள் 826.45, 1,000, 1,210. கால் (வாங்கும் உரிமை) ஆப்ஷனின் பலன் 0, 0, 210. ஒரு படி பின்னால்: 0, 109.90. இன்னொரு படி பின்னால்: 57.52. அதுவே இன்றைய விலை. புட்டுக்கு (விற்கும் உரிமை) இதே வழியில் 37.81 வரும். சரிபார்க்க: கால் கழித்தல் புட் = 1,000 − 1,000/1.0201 = 19.70. உங்கள் நிரல் இந்த எண்களைத் தரும் வரை மேலே போக வேண்டாம்.

அரேயில் எத்தனை ஏற்றம் என்பதே இட எண். ஒவ்வோர் இடத்தின் புதிய மதிப்பும் அதே இடத்தின் பழைய மதிப்பையும் அடுத்த இடத்தின் பழைய மதிப்பையும் கொண்டு வருகிறது. ஆகவே இடமிருந்து வலமாக மேலெழுதுங்கள். வலமிருந்து இடமாகப் போனால் பழைய மதிப்பு அழிந்து, பிழைச் செய்தி எதுவும் இல்லாமலே தவறான விடை வரும்.

எப்போது வேண்டுமானாலும் செயல்படுத்தக்கூடிய அமெரிக்க வகைப் புட் என்றால், ஒவ்வொரு முனையிலும் உடனடிப் பலனோடு ஒப்பிட்டுப் பெரியதை எடுக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் விலை 909.09 ஆன முனையில் காத்திருந்தால் 81.01, உடனே செயல்படுத்தினால் 90.91. எனவே இன்றைய விலை 42.43 ஆக ஏறும். நம் சந்தையில் நிஃப்டி ஆப்ஷன்கள் காலாவதி நாளில் மட்டுமே செயல்படுத்தக்கூடிய ஐரோப்பிய வகை. பங்கு ஆப்ஷன்களும் 2011 முதல் அப்படியே. ஆகவே நிஜக் கணக்குக்கு பிளாக்–ஷோல்ஸ் சூத்திரமே போதும். மரம் அதைச் சரிபார்க்க. விலை 100, ஸ்ட்ரைக் 100, வட்டி 5 சதவீதம், ஏற்ற இறக்கம் 20 சதவீதம், ஓராண்டு என்றால் கால் 10.4506, புட் 5.5735. மரம் 100 படியில் சுமார் 10.43-உம் 101 படியில் சுமார் 10.47-உம் தரும். இரட்டைப்படையிலும் ஒற்றைப்படையிலும் மாறி மாறி ஊசலாடுவது இயல்பு. இரண்டின் சராசரியை எடுங்கள்.

நிகழ்தகவு ஒன்றைத் தாண்டினாலோ பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ நிரலை நிறுத்திவிடுங்கள். ஏற்ற இறக்கம் மிகக் குறைவாகவும் படிகள் மிகச் சிலவாகவும் இருந்தால் இப்படி வரும். படிகளைக் கூட்டினால் சரியாகும்.

காலாவதி நாளையும் லாட் அளவையும் (ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை) நிரலில் எழுதிவைக்காதீர்கள். நிஃப்டி வாராந்திரக் காலாவதி வியாழனிலிருந்து 2025 செப்டம்பரில் செவ்வாய்க்கு மாறியது. லாட் அளவு 2024 நவம்பரில் 25-இலிருந்து 75 ஆனது. ஒப்பந்தக் கோப்பிலிருந்தே படியுங்கள். காலாவதி நாள் மாலை மீதிக் காலம் பூஜ்யமாகி, பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும். அங்கே நேரடிப் பலனைத் திருப்பித் தாருங்கள். வட்டிக்கு 91 நாள் கருவூலப் பத்திரத்தின் ஈட்டு வீதத்தை எடுக்கலாம். ரிசர்வ் வங்கியின் ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை.

சந்தை விலையிலிருந்து உள்ளார்ந்த ஏற்ற இறக்கத்தை (சூத்திரத்தில் போட்டால் அதே விலையைத் தரும் ஏற்ற இறக்கம்) கண்டுபிடிக்க நியூட்டன் முறையைவிட இருகூறு முறை பாதுகாப்பானது. ஸ்ட்ரைக் வெகு தூரத்தில் இருந்தால் நியூட்டன் எங்கோ தாவிவிடும். 1 முதல் 300 சதவீதம் வரை எல்லை வைத்தால் 15 முறை பாதியாக்கினாலே 0.01 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அன்று வர்த்தகமே நடக்காத ஒப்பந்தங்களை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். அவற்றின் விலை யாரும் வாங்கி விற்ற விலை இல்லை.

விலை கணக்கிடத் தெரிந்ததும் ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கும் ஆசை வரும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் (எஃப் அண்ட் ஓ) ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தியரி விலையைவிடச் சந்தை விலை மலிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் உங்கள் தரவில்தான் பிழை. பங்கு ஆப்ஷன்களில் காலாவதி வரை காத்திருந்தால் பணமாக அல்ல, பங்காகவே கொடுக்கவோ வாங்கவோ வேண்டிவரும். ஒரு லாட் முழுமைக்கும் பணம் கேட்பார்கள்.

10. கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா?

ஒவ்வொரு நாளும் அன்றைய வி.ஏ.ஆரையும் மறுநாள் நிஜமாக வந்த லாப நஷ்டத்தையும் ஒரே வரியில் எழுதிவாருங்கள். பழைய வரிகளைத் திருத்தக் கூடாது. 250 நாளில் 99 சதவீத எல்லை இரண்டு மூன்று முறை தாண்டப்படுவது எதிர்பார்த்ததே. வங்கிகளுக்கான பாசெல் விதிகள் நான்கு வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு என்று வகுத்திருக்கின்றன. அதையே நீங்களும் பின்பற்றலாம். ஒருமுறைகூடத் தாண்டவில்லை என்றால் மகிழ வேண்டாம். காலியான நாட்களில் பழைய விலை நிரம்பியிருக்கலாம், ஐந்தாம் படியைத் திரும்பப் பாருங்கள். தாண்டிய நாட்கள் எல்லாம் ஒரே வாரத்தில் குவிந்திருந்தால், உங்கள் ஏற்ற இறக்கக் கணக்கு சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 0.94 ஐக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் நிரலைக் கொடுங்கள், தாராளமாக. ஆனால் அதன் முடிவை வைத்து ‘இதை வாங்கு, அதை விற்பனை செய்’ என்று கட்டணத்துக்கு ஆலோசனை சொல்ல செபியில் பதிவு வேண்டும். நிரலைப் பகிரும்போது பான் எண்ணைக் கடவுச்சொல்லாக எழுதிவைத்த வரியை முதலில் நீக்குங்கள்.